இருபத்தைந்து குண்டுக்கு இருபது மாதம்

என் துப்பாக்கிக்கு எவ்வளவு கருமருந்து தோது என்று பார்க்க 2021 மார்ச்சில் நான் போட்ட திட்டம் ஒரே ஒரு சனிக்கிழமைக் காலைக்கானது. ஐம்பது கஜத் தூரத்தில் காகித இலக்கு. கருமருந்து 50 கிரெயினில் (மருந்தை அளக்கும் மிகச் சிறிய எடை அது) தொடங்கி, பத்துப் பத்தாகக் கூட்டி 90 வரை. ஒவ்வோர் அளவுக்கும் ஐந்து குண்டு. எந்த அளவில் குண்டுகள் நெருக்கமாக விழுகின்றன என்று குறித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அந்தக் காலை வந்தது 2022 நவம்பரில்.

நான் இருப்பது ஓஹாயோவில், கொலம்பஸ் பக்கம். துப்பாக்கி, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் வகை; நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்பார்களே, அந்த ஜாதி. செயின்ட் லூயிஸில் ஹாக்கன் சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டில் செய்த துப்பாக்கியைப் பார்த்து இத்தாலியில் செய்தது. ஐம்பது காலிபர், அதாவது குழலின் உள்வாய் அரை அங்குலம். குழலுக்குள் குண்டைச் சுழலவைக்க வெட்டிய மரை 60 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான் சுற்றும். உருண்டை ஈயக் குண்டுக்கு இந்த மெதுவான மரையே தோது. 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் இந்த வகையைத் துப்பாக்கிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதனால் அது பார்சலில் வாசலுக்கே வந்துவிட்டது. தவம் கிடந்ததெல்லாம் கேப்புக்கும் மருந்துக்கும்தான்.

கேப்பு என்பது மிளகளவே இருக்கும் செம்புத் தொப்பி. துப்பாக்கியின் சுத்தியல் அதன்மேல் விழுந்தால் பொறி உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும். எனக்கு வேண்டியது 11ஆம் எண். வாங்கிய ஒரே நூறு கேப்பு டப்பாவைக் கோடையில், கருமருந்துக்குப் பதிலாக விற்கும் மாற்று மருந்தைப் போட்டு விளையாடியே கரைத்துவிட்டேன். எண்ணிப் பார்த்தபோது 22 இருந்தது. அடுத்த டப்பா எந்தக் கடையிலும் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு வெடிபொருள் சம்பந்தப்பட்ட எதுவுமே அலமாரியில் தங்கவில்லை.

சரி, கேப்பு வரும்போது வரட்டும், அசல் கருமருந்தையாவது வாங்கி வைப்போம் என்று கிளம்பினேன். அது சட்டப்படி வெடிபொருள் என்பதால் பெரும்பாலான கடைகள் வைப்பதில்லை. மாற்று மருந்து மட்டும் இருக்கும். வரவழைக்கலாம் என்று நாள் கடத்தியபோது, 2021 செப்டம்பரில், லூசியானாவின் மிண்டனில் இருந்த கருமருந்து ஆலை மூடப்படுவதாகச் செய்தி வந்தது. இருந்த சரக்கை மற்றவர்கள் அள்ளிக்கொண்டார்கள். மறு ஆண்டு வேறொரு நிறுவனம் ஆலையை வாங்கியது என்றாலும், என் டப்பா காலியாகத்தான் இருந்தது.

மாற்று மருந்திலேயே சோதித்திருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். சோதிக்கலாம், ஆனால் அந்த முடிவு அந்த மருந்துக்குத்தான் பொருந்தும். மருந்தை மாற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

2022 செப்டம்பரில் இண்டியானாவின் ஃபிரெண்ட்ஷிப்புக்குக் காரோட்டினேன். 1933இல் தொடங்கிய தேசிய வாய்க்கெட்டுத் துப்பாக்கிச் சங்கத்தின் மைதானம் அங்கேதான். போட்டிகளை ஒட்டிக் கடைத்தெருவும் கூடும். அங்கே கேப்பு கிடைத்தது, ஆளுக்கு இரண்டு டப்பா. ஸ்விட்சர்லாந்து மருந்தும் ஒரு பவுண்டு. ஒரு பவுண்டு என்றால் 7000 கிரெயின்; என் சோதனைக்கு வேண்டியது அதில் கால்பங்கு.

அப்புறம் இரண்டு சனிக்கிழமை மழை. மூன்றாவது வாரம் சுடுதளத்தில் வேறு போட்டி.

கடைசியில் அந்த நாள் வந்தது. எண்ணெய் எரிந்து போக வெறும் கேப்பு இரண்டு அடித்தேன். குண்டைத் துணியில் பொதிந்து, கோலால் இடித்து அடிவரை இறக்கினேன். கேப்பை மாட்டிச் சுட்டேன். 'டப்' என்றது, அவ்வளவுதான். மருந்து போடவே மறந்திருக்கிறேன்! இருபது மாதம் மருந்துக்கு அலைந்தவன் மருந்தை மேசையில் வைத்துவிட்டுக் குண்டை மட்டும் இறக்கியிருக்கிறேன். பக்கத்து மேசைப் பெரியவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து சிறிய கரியமிலவாயுக் குப்பி வைத்த கருவி ஒன்றை எடுத்து, கேப்பு மாட்டும் காம்பில் வைத்து அழுத்தினார். குண்டு பொத்தென்று வெளியே வந்து விழுந்தது. இங்கே இதைச் செய்யாதவர் யாருமில்லை என்றார்.

மற்றதெல்லாம் பொறுமை வேலை. கருமருந்து எரிந்தால் பாதிக்குமேல் திடக்கழிவாகவே குழலில் படியும். ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் அடுத்த குண்டு இறங்காது, இறங்கினாலும் கணக்கு மாறும். இருபத்தைந்து குண்டுக்கு நான்கு மணி நேரம் ஆயிற்று. புகை தீபாவளிக் காலையைப் போலவே மணத்தது.

50 கிரெயினில் ஐந்தும் நாலங்குலத்துக்குள் விழுந்தன. 70இல் இரண்டங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 80இல் மறுபடி விரிந்தது. 90இல் ஒன்று காகிதத்தின் ஓரத்துக்கே போய்விட்டது. குழலுக்கு முன்னால் நடந்து போய், குண்டோடு பறந்து விழுந்த துணிகளைப் பொறுக்கினேன். 70க்குப் போட்டவை வட்டமாக, கரி மட்டும் படிந்து கிடந்தன. 90க்குப் போட்டவை தாறுமாறாகக் கிழிந்திருந்தன. அப்படியானால் 90 கிரெயின் ஆகாது என்று சொல்லவும் முடியாது, துணிதான் தாங்கவில்லை.

இப்போது இன்னும் தடித்த துணி வேண்டும். இலவம்பஞ்சு மெத்தைக்குத் தைப்பார்களே, நீலக் கோடு போட்ட துணி, அதுதான் இதற்குப் பேர்போனது. போன வாரம் துணிக்கடையில் கால் கஜம் கேட்டேன். என்ன தைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார் அந்தப் பெண்மணி.