ஃபார்மட் அடிப்பதற்கு முன்

கணினி அடிக்கடி தானாக நின்றுபோகிறது என்று டவுன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், முதலில் காதில் விழுவது "ஃபார்மட் அடிச்சிடலாம்" என்பதுதான், அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. அடித்துக் கொண்டுவந்தால் நாலு நாள் நன்றாக ஓடும், ஐந்தாம் நாள் பழையபடி படுத்துக்கொள்ளும். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில், லயத்து வீடோ தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடோ, மேசைக் கணினி திரும்பத் திரும்ப நின்றால் விண்டோஸைச் சந்தேகப்படுவது கடைசியில்தான். முதலில் பார்க்க வேண்டியவை கரண்ட், சூடு, தூசி, பல்லி.

எப்படி நிற்கிறது என்பதை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். பிளக்கைப் பிடுங்கியது போலப் பட்டென்று இருண்டால் கோளாறு மின்சாரத்திலோ சூட்டிலோ இருக்கும். நீலத் திரை வந்தால் விண்டோஸே ஏதோ தப்பு நடப்பதைக் கண்டு நிறுத்தியிருக்கிறது. பெரும்பாலும் மெமரி, டிரைவர், டிஸ்க் மூன்றில் ஒன்று. படம் அப்படியே உறைந்து, பாட்டு "ட்ர்ர்ர்" என்று ஒரே இடத்தில் இழுத்தால் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு, மெமரி என்று அந்த வரிசையில் பாருங்கள்.

பழைய பள்ளி நோட்டு ஒன்றைக் கணினிக்குப் பக்கத்தில் வையுங்கள். நின்ற நேரம், அப்போது திறந்திருந்தது என்ன, வெளியில் மழையா, தண்ணீர் பம்போ சலவை இயந்திரமோ ஓடியதா, இவ்வளவு எழுதினால் போதும். தகரக் கூரை வீட்டில் மதியம் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் மட்டும் நின்றால் அது சூடு. காலையில் போட்டதும் இரண்டு மூன்று தடவை அணைந்து, சூடேறிய பிறகு ஒழுங்காக ஓடினால் பவர் சப்ளைக்குள், அதாவது சுவர்க் கரண்டை மாற்றிக் கணினிக்குக் கொடுக்கும் பெட்டிக்குள், மின்சாரம் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர் கிழடாகிவிட்டது என்று சந்தேகப்படலாம். கேம் திறந்தால் மட்டும் போகிறதென்றால், பவர் சப்ளைக்குச் சுமை தாங்கவில்லை அல்லது கிராபிக்ஸ் கார்டு கொதிக்கிறது.

விண்டோஸும் தன் பங்குக்கு ஒரு நோட்டு எழுதுகிறது. ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து ஈவென்ட் வியூவர், அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். சிவப்புக் குறியோடு 'கெர்னல் பவர் 41' என்று இருக்கும். பலர் இதைப் பார்த்துவிட்டுப் பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். "போன தடவை ஒழுங்காக மூடப்படவில்லை" என்பதற்கு மேல் அந்த 41 எதுவும் சொல்வதில்லை. டீடெய்ல்ஸ் பகுதியில் 'பக்செக் கோட்' (பிழை எண்) என்ற வரியைப் பாருங்கள். 0 என்றால் விண்டோஸுக்கு எழுதக்கூட நேரம் கிடைக்கவில்லை. கரண்ட் போயிருக்கலாம், உறைந்துபோய் நீங்களே பட்டனை அழுத்திப் பிடித்தும் இருக்கலாம். 26 மெமரியைக் காட்டும். 122 வந்தால் டிஸ்கிலிருந்து படிக்க முடியவில்லை. 278 கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லவில்லை. 292 என்பது வன்பொருளே புகார் கொடுத்தது. சூடு, மின்னழுத்தம், பிராசஸர், மதர்போர்டு எல்லாமே அதில் அடங்கும். நீலத் திரை மின்னி மறைந்தால், சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்ட், ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி என்று போய் 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்' குறியை எடுத்துவிடுங்கள், திரை நின்று நிதானமாகப் படிக்க விடும்.

இனி கரண்ட். நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கூட 10 சதவீதம், குறைய 6 சதவீதம் வரை அனுமதி, அதாவது சுமார் 216 முதல் 253 வோல்ட் வரை. நல்ல பவர் சப்ளை இதைச் சுலபமாகத் தாங்கும். தொல்லை கொடுப்பது கண நேரச் சரிவு. ஐஸ் பெட்டியின் கம்ப்ரஸரோ பம்போ கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் ஒரு முழுக்குப் போட்டு எழுகிறது. அந்த இடைவெளியைப் பவர் சப்ளை தன் கெப்பாசிட்டரில் சேர்த்துவைத்ததை வைத்துச் சமாளிக்க வேண்டும், புதிதாக இருக்கும்போதே முழுச் சுமையில் சுமார் 16, 17 மில்லிசெகண்டுதான் தாங்கும். மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லிசெகண்ட்! கெப்பாசிட்டர் வற்றிப்போன பழைய பெட்டியில் இன்னும் குறைவு. டிவி கண் சிமிட்டாமல் ஓட, கணினி மட்டும் ரீஸ்டார்ட் ஆவது இதனால்தான்.

காசு செலவில்லாத சோதனை ஒன்று: மூன்று நாளைக்குக் கணினியை எக்ஸ்டென்ஷனிலிருந்து எடுத்து நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகுங்கள். ரைஸ் குக்கரும் கேத்தலும் தொங்கும் எக்ஸ்டென்ஷனில் கணினிக்கு இடமில்லை. 13 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் மொத்தமே 3000 வாட் அளவுதான், அதில் இரண்டாயிரத்தைக் கேத்தலே விழுங்கிவிடும். சாக்கெட்டில் பழுப்புக் கறை, பிளக்கைத் தொட்டால் சூடு, ஆட்டினால் கணினி சிமிட்டுவது, இதில் எது இருந்தாலும் வயர்மேனைக் கூப்பிடுங்கள். பெட்டியைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறதா? எர்த் இல்லை. பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் எர்த் கிடைக்காமல் பெட்டியின் உலோகச் சட்டத்தில் சுமார் 115 வோல்ட்டை ஏற்றிவிடுகின்றன. மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுள்ளென்றதோடு விடுகிறது, ஆனால் அப்படியே ஓட்டக் கூடாது.

யூபிஎஸ் இருந்தால் அதையும் ஒரு வாரம் கழற்றிவிட்டுப் பாருங்கள். சிறிய 650 விஏ யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் ஈய பேட்டரி. நம் வெப்பத்தில் இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும். செத்த பேட்டரியோடு உள்ள யூபிஎஸ், காப்பாற்ற வேண்டிய நொடியில் தானே கரண்டை அறுக்கும்.

இடி மழைக்கு முன் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கை உருவ வேண்டும். லான் கேபிளையும் சேர்த்து. ஃபைபர் வந்துவிட்டதே, கண்ணாடி இழையில் மின்னல் வராதே என்பது சரிதான். ஆனால் ரவுட்டரின் அடாப்டர் சுவரில்தானே இருக்கிறது? அங்கிருந்து லான் கேபிளின் செம்பு வழியாகக் கணினி வரை பாதை திறந்தே கிடக்கிறது.

சூட்டுக்கு வருவோம். செம்மண் தூசி மட்டுமென்றால் பிரஷ் போதும். செம்பனை ஆலைப் புகைக்கரியும் சாமி மேடையின் சாம்பிராணிப் புகையும் கலந்தால் அது பிசினாகி, ஹீட்சிங்கின் இடுக்குகளைக் கம்பளி போல அடைத்துவிடும். பிளக்கை உருவி, ஒன்றரை அங்குலப் பெயின்ட் பிரஷால் தளர்த்தி, ஊதி எடுங்கள். ஊதும்போது காற்றாடி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் விட்டால் அது அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங்கைக் கெடுக்கும். பிறகு எச்டபிள்யூ இன்ஃபோ போன்ற நிரலில் வெப்பத்தைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 40, 50 டிகிரி, வேலை கொடுத்தால் 85-க்குள் இருந்தால் கவலையில்லை. இன்றைய பிராசஸர்கள் 95, 100 டிகிரி வாக்கில் தாங்களே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிச் சூட்டில் அணைகிறதென்றால் கூலர் கழன்றிருக்கும் அல்லது காற்றாடி நின்றிருக்கும். கூலரைக் கழற்றினால் அதற்கும் பிராசஸருக்கும் நடுவில் உள்ள பழைய வெப்பப் பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். ஏஎம்4 சாக்கெட் ஏஎம்டி என்றால் கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மெல்லத் திருகி எடுங்கள். காய்ந்த பேஸ்ட்டில் ஒட்டிய பிராசஸர் ஊசிக்கால்களோடு பிய்ந்து வந்தால் அழுதும் பயனில்லை.

பல்லி வேடிக்கைக்குச் சொன்னதில்லை. பின்பக்கம் மூடி இல்லாத கார்டு துளைகள் வழியாக நுழைந்து, கதகதப்புக்கு போர்டின் மேல் படுக்கும். எச்சம் ஈரக் காற்றில் மின்சாரம் கடத்தும். துளைகளுக்குத் தகர மூடி போடுங்கள். பவர் சப்ளைக்குள் செத்துக் கிடந்தால் மட்டும் திறக்க வேண்டாம், பிளக்கை உருவிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மல்டிமீட்டர் இருந்தால் கணினி ஓடும்போது நாலு பின் மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் 11.4 முதல் 12.6, சிவப்புக்கும் கறுப்புக்கும் 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்கிறதா பாருங்கள். எண்கள் சரியாக இருந்தாலும் அது நற்சான்றிதழ் ஆகாது, கண நேரத் தடுமாற்றத்தை மீட்டர் காட்டாது. நம்பகமான சோதனை, நல்ல பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான்.

நீலத் திரை ஆசாமிகள் மெமரியில் தொடங்கலாம். மெமரிக் குச்சிகளை எடுத்து, தங்கப் பற்களைத் துடைத்து, இரண்டு பக்கமும் கிளிப் "டக்" என்று பிடிக்கும்வரை அழுத்துங்கள். மெமரியை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி போட்டிருந்தால் பயாஸில் அணையுங்கள். மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க நாலு சுற்று ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தேறவில்லை என்றுதான் அர்த்தம். பிறகு ஒவ்வொரு குச்சியாக ஒரே துளையில் போட்டுப் பாருங்கள். பிழை குச்சியோடு போனால் குச்சி, துளையோடு நின்றால் போர்டு.

டிஸ்க்கைத் தொடுமுன் படங்களை வேறெங்காவது காப்பி எடுங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் 'கரன்ட் பெண்டிங் செக்டர்' எண்ணிக்கை வாரா வாரம் ஏறினால் அந்த டிஸ்க்குக்கு நாள் குறித்தாயிற்று. 'சிஆர்சி எரர்' மட்டும் ஏறினால் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள், பெரும்பாலும் சாட்டா கேபிளை மாற்றினால் தீர்ந்துவிடும். டிரைவர் சந்தேகமென்றால் சேஃப் மோடில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் விண்டோஸ்மேல்தான் சந்தேகம் என்றால், உள்ளே உள்ள டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றி இரண்டு நாள் ஓட்டுங்கள். அதிலும் நின்றால் ஃபார்மட் எதையும் தீர்க்காது. நிற்காமல் ஓடினால் மட்டும் ஃபார்மட்டுக்குப் போகலாம். கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தால் அந்த நோட்டுப் பக்கத்தையும் பக்செக் எண்ணையும் நீட்டி, "உங்க பவர் சப்ளைய மாட்டி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கண்ணே" என்று கேளுங்கள்.