மருதூரை இரண்டு முறை எழுதியவன்

பள்ளி மலருக்கு எழுதச் சொன்னார்கள். எனக்கு நினைவுக்கு வருவது விளையாட்டு விழா அல்ல, இரண்டு மதிப்பெண் கணக்கு ஒன்று. பத்தாம் வகுப்பு; கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்திருந்த சமயம். நம் கணக்கு சாருக்கு மருதூர் கீழக்கால் என்ற கால்வாயின் பாசனத்தில் வயல் உண்டு. விடியற்காலையில் மடை பார்த்துவிட்டு, கணுக்காலில் காய்ந்த சேற்றோடு வகுப்புக்கு வருவார்.

அன்று புத்தகத்தைத் திறக்கவில்லை. கரும்பலகையில் தாமிரபரணியை நெளியவிட்டார். உச்சியில் காரையாறு அணை. அதற்குக் கீழே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள். இந்த 9 முதல் கணம், அதாவது முதல் தொகுப்பு. இரண்டாவது கணம் 11 கால்வாய்கள். எதிலிருந்து எது பிரிகிறதோ அதுதான் உறவு. "வரிசைச் சோடிகளை எழுதி மதிப்பகம் சொல்லுங்கள்" என்றார். சோடிகளில் முதலில் வருபவற்றின் கணம்தான் மதிப்பகம்; அதில் ஒன்றை ஒரு முறைதான் எழுத வேண்டும்.

சோடிகளைச் சரியாகவே எழுதினேன்: அரியநாயகிபுரத்துக்குக் கோடகன் கால், மருதூருக்கு மேலக்கால், மருதூருக்குக் கீழக்கால்... பிறகு முதல் உறுப்புகளை அப்படியே மதிப்பகமாக இறக்கிவைத்தேன். சார் நோட்டைப் பார்த்தார்.

"ஏலே, மருதூரில் எத்தனை அணை?"

"ஒன்று, சார்."

"நீ இரண்டு கட்டியிருக்கிறாயே!"

கோடைமேலழகியானையும் ஸ்ரீவைகுண்டத்தையும்கூட இரட்டித்திருந்தேன். பக்கத்தில் இருந்தவன் 9 என்றான். அவனுக்குக் காரையாற்றை விட மனமில்லை. அங்கே தண்ணீர் தேங்குவதோடு சரி, இந்தக் கால்வாய்களில் ஒன்றும் பிரிவதில்லை. சோடி இல்லாததற்கு மதிப்பகத்தில் இடம் கிடையாது. விடை 8. முதல் கணத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சோடி இருந்தால்தான் சார்பு; ஓர் அணைக்கு இரண்டு கால்வாய் என்பதால் இது சார்பு ஆகாது என்றும் சொன்னார். அது என் தலையில் ஏற இன்னும் ஓர் ஆண்டு ஆயிற்று.

போன மாதம் ஷார்ஜாவில், பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு கணக்கோடு வந்தாள். எக்ஸ் வர்க்கமும் ஒய் வர்க்கமும் சேர்ந்தால் 25. மெய்யெண்களில் மதிப்பகம் என்ன? "ஒவ்வொரு எக்ஸும் ஓர் அணை. கால்வாய் ஒன்றாவது பிரிகிறதா என்று பார்" என்றேன். எக்ஸ் 3 என்றால் ஒய் 4, -4, மருதூரேதான். 5 என்றால் 0 மட்டும். 6 என்றால் ஒய் வர்க்கம் -11, காரையாறு! ஆக, -5 முதல் 5 வரை.

"மருதூர் எங்கே இருக்கிறது, அப்பா?" என்றாள். கைப்பேசியில் வரைபடத்தை விரித்தேன். மேலக்கால் எது, கீழக்கால் எது என்று எனக்கே பிடிபட வெகுநேரம் ஆயிற்று.