இண்டர்ஸ்டெல்லாரின் காற்று

‘இண்டர்ஸ்டெல்லார்’ என்ற ஹாலிவுட் விண்வெளிப் படத்தின் இசையை யார் புகழ்ந்தாலும் பியானோவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எங்கள் பாறசாலைப் பக்கம் கல்யாண வீடியோவில்கூட அதிலுள்ள ‘கார்ன்ஃபீல்ட் சேஸ்’ என்ற இசைத்துண்டு வந்துவிட்டது. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குவதற்கு அத்தனை ஏற்றம்! எனக்கு அந்த ஆல்பத்தின் உயிர், தேவாலயங்களில் குழாய்களுக்குள் காற்றைச் செலுத்தி வாசிக்கும் ஆர்கனில்தான் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், ஆர்கனுக்குள் போகும் காற்றில்.

எங்கள் சபையில் ஒரு பழைய கால் ஆர்மோனியம் கிடக்கிறது. மலையாள ஆராதனை, தமிழ் ஆராதனை இரண்டுக்கும் நான்தான் வாசிப்பேன். கீபோர்டு வருவதற்கு முன்பு அதில்தான் எல்லாம். மிதி தளர்ந்தால் சுரம் தளரும். நாலாவது சரணத்தில் வாசிப்பவனுக்குக் கால் கடுப்பது கடைசி பெஞ்சு வரை கேட்கும். கீபோர்டில் ஆர்கன் பட்டனைத் தட்டிவிட்டு நாள் முழுக்க விரலை வைத்திருக்கலாம், அதற்கு மூச்சே வாங்காது.

படத்தின் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மர் அந்த மூச்சைப் பிடித்துவிட்டார். என்ன மாதிரிப் படம் என்றே சொல்லாமல், ஒரு அப்பாவையும் பிள்ளையையும் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, ஒரு நாளில் என்ன வருகிறதோ அதை வாசித்துக் காட்டச் சொன்னாராம் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன். ஆல்பம் முழுக்க அதிலிருந்து வளர்ந்ததுதான். ஆர்கனைப் பதிவு செய்தது லண்டன் டெம்பிள் சர்ச்சில். 1941 குண்டுவீச்சில் அங்கிருந்த பழைய ஆர்கன் எரிந்துபோக, ஸ்காட்லாந்தில் ஒரு மாளிகையில் இருந்த ஹாரிசன் அண்ட் ஹாரிசன் கம்பெனி செய்த ஆர்கனைக் கொண்டுவந்து வைத்தார்கள். படத்துக்காக வாசித்தவர் அந்தத் தேவாலயத்தின் அப்போதைய ஆர்கனிஸ்ட் ரோஜர் சேயர். விண்வெளி உடைக்குள் இருப்பவனுக்கும் ஆர்கனுக்கும் காற்றுதான் எல்லாம் என்று ஸிம்மரே சொல்லியிருக்கிறார். அது போதாதென்று 60 பேர் பாடகர் குழுவை மைக்குக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, வெறுமனே மூச்சு விடவும் சொல்லியிருக்கிறார்.

ஆர்மோனியத்தில் சுரம் எழுப்பும் தகடான ரீடைக் கழற்றிச் சுத்தம் பண்ணுவதில் கைதேர்ந்த மாமா ஒருவர் எங்களுக்கு உண்டு. அந்த ஆல்பத்திலிருந்து ‘ஸ்டே’ போட்டு ஹெட்செட்டை அவர் காதில் மாட்டினேன். கண்ணை மூடி ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, “காத்து கேக்குதுல்லா மக்கா, இது கரண்டு சாமானம் இல்ல” என்றார். படத்தின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

போன் ஸ்பீக்கரில் கேட்டால் இதில் பாதி போய்விடும். ஆர்கனின் 32 அடிக் குழாயின் அடிச் சுரம் நொடிக்கு ஏறக்குறைய 16 அதிர்வுதான். காதைவிட நெஞ்சுக்கூட்டுக்குத்தான் அது முதலில் தெரியும். 2025 பிப்ரவரியில் படம் மறுபடி வந்தபோது திருவனந்தபுரம் போய்ப் பார்த்தேன். சீட்டின் கைப்பிடி அதிர்ந்தது. இசை வசனத்தை முழுங்கிவிட்டது என்று 2014-இல் பெரிய சண்டை நடந்தது நினைவிருக்கும். முழுங்கத்தான் செய்தது. சப்டைட்டில் இருக்கிறதே, சரி விடுங்கள்.

என் ஒரே குறை வேறு. சுழலும் விண்கலத்தோடு இணையும் காட்சிக்கான இசையான ‘நோ டைம் ஃபார் காஷன்’ முதலில் வந்த 16 டிராக் ஆல்பத்தில் கிடையாது. ரசிகர்கள் கத்தித் தீர்த்த பிறகுதான் அடுத்தடுத்த பதிப்புகளில் சேர்த்தார்கள். வாங்குகிறவர்கள் பின் அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.