புகார் எண் வந்துவிட்டது, கரண்ட் வரவில்லை

கடலூர்க் கடற்கரை ஓரத்தில் மின்கம்பிகளுக்குப் பெருமழையைவிடச் சிறு தூறல்தான் ஆபத்து. மாதக்கணக்கில் அடிக்கும் கடற்காற்றில் தேவனாம்பட்டினம், தாழங்குடா, துறைமுகம் பக்கமெல்லாம் கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டர் மேல் உப்பு படிந்துகிடக்கும். காய்ந்திருக்கும்வரை தொந்தரவில்லை. விடியற்காலைப் பனியோ தூறலோ பட்டதும் அந்த உப்பு கசிந்து மின்சாரத்துக்கு வழிவிடும். இன்சுலேட்டர் மேல் நீலப்பொறி ஓடும், 'சர்ர்' என்று சத்தம் வரும், துணைமின் நிலையத்திலிருந்து பல தெருக்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் லைன் டிரிப் ஆகும், அதாவது தானாக அணைந்துவிடும். கொட்டும் மழை அந்த உப்பைக் கழுவிவிடும். தூறல் நனைத்துவிட்டு நின்றுவிடும்.

அப்படி ஒரு விடியலில் ஃபீடர் டிரிப் ஆனால், சற்று நேரத்துக்குள் ஒரே பழுதுக்கு நூற்றுக்கணக்கான புகார்கள் குவியும். முன்பெல்லாம் பிரிவு அலுவலகத்து ஒற்றைத் தொலைபேசிதான் கதி. 2021 ஜூனில் மின்னகம் என்ற மின்வாரியப் புகார் மையம் தொடங்கியபின் 94987 94987 என்ற ஒரே எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், புகார் எண் குறுஞ்செய்தியாக வந்துவிடும். இது சாதாரண மாற்றமில்லை. எப்போது சொன்னோம், யாரிடம் சொன்னோம் என்பதற்குப் பதிவு இருக்கிறது. பிறகு குறைதீர்க்கும் மன்றத்துக்கோ மின் குறைதீர்ப்பாளரிடமோ போக நேர்ந்தால் கையில் இருக்கும் ஆதாரமே அந்த எண்தான்.

ஆனால் பதிவு செய்யும் இடத்தில் 'மின்தடை' என்று ஒரே வார்த்தையாகப் பதிந்தால் கம்பத்தடியில் வேலை இரட்டிப்பாகும். வீட்டு ஃபியூஸ் போனதும் மின்தடை, டிரான்ஸ்பார்மரில் உயர் அழுத்தப் பக்கத்து ஹெச்.ஜி. ஃபியூஸ் போனதும் மின்தடை, கம்பி அறுந்ததும் மின்தடை. முதலாவதற்கு ஒரு வயர்மேன் போதும். இரண்டாவதற்கு லைனைப் பிரிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறக்க வேண்டும். மூன்றாவதற்கு ஆள், ஏணி, கயிறு, சில சமயம் புதுக் கம்பமே வேண்டும். எது என்று தெரியாமல் கிளம்பும் வயர்மேன் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, சாமானோடு மறுபடி போவார்.

அழைப்பு எடுப்பவர் கேட்க வேண்டியது சில கேள்விகள்தான். தெருவிளக்கு எரிகிறதா, பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா? இருந்தால் பழுது அந்த வீட்டோடு நிற்கிறது. மீட்டரில் எண் தெரிகிறதா? தெரிந்தால் மீட்டர்வரை மின்சாரம் வருகிறது. பெரும்பாலும் வீட்டுக்குள் எம்.சி.பி. என்ற தானியங்கி சுவிட்ச் விழுந்திருக்கும், அல்லது மின்கசிவுக்காக ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் வெட்டியிருக்கும். மீட்டர் இருண்டிருந்தால் சர்வீஸ் வயரையோ கம்பத்தையோ பார்க்க வேண்டும். மும்முனை இணைப்பென்றால், எல்லா அறையிலும் இல்லையா, சில அறைகளில் மட்டுமா?

ஒரு கேள்வியை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது: 'ஒரு அறையில் பல்பு மங்கி, இன்னொரு அறையில் கண் கூசுகிற மாதிரி எரிகிறதா?' ஆமாம் என்றால் நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி, அறுந்திருக்கிறது. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வோல்ட் பக்கம்கூட ஏறலாம். அந்த நொடியே மெயினை அணைக்கச் சொல்ல வேண்டும். புகார் எண்ணெல்லாம் அதற்குப் பிறகு. ஃபிரிட்ஜும் டிவியும் ஒருசேரக் கருகும் வீடுகளில் பல நேரம் இதுதான் காரணம்.

எல்லையோரத்தில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும். ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி. இந்தப் பக்கம் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். அந்தப் பக்கம் மாதாமாதம் பில், கட்டணத்தை முடிவு செய்யும் ஆணையமும் வேறு. 'எந்தப் பக்கம்?' என்று முதலிலேயே கேட்காவிட்டால் புகார் வேறு அரசின் கணினியில் தூங்கும்.

அடுத்த சிக்கல் புகாரை மூடுவதில். ஃபீடருக்கு மறுபடி மின்சாரம் கொடுத்ததும் அந்த ஃபீடரின் புகார்களை மொத்தமாக மூடிவிடும் வழக்கம் எங்கும் உண்டு. ஃபீடர் வந்திருக்கும். ஆனால் கடைசித் தெருவில் கம்பிகளை இணைக்கும் ஒரு ஜம்பர் எரிந்திருந்தால் அங்கே பத்து வீடு இருட்டில்தான் இருக்கும். அவர்களுக்கும் 'சரிசெய்யப்பட்டது' என்று செய்தி போகும். அதைப் பார்க்கிறவருக்கு வரும் கோபம் நியாயமானது. மூடுவதற்குமுன் கடைசிக் கம்பத்து வீட்டுக்கு ஒரு போன் போட்டு, 'ஐயா, கரண்ட் வந்துடுச்சா?' என்று கேட்டால் தீர்ந்தது.

கடிகாரம் இன்னும் பெரிய கவலை. புகார் தீர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணினித் திரையில் ஓடும் கணக்கு, கம்பத்தில் ஏறுகிறவரின் கழுத்தில் விழுகிறது. ஹெச்.டி. எனும் உயர் அழுத்த லைனில் கை வைக்கவேண்டுமென்றால் துணைமின் நிலையத்தில் எல்.சி. எனும் மின்நிறுத்த அனுமதி வாங்கி, ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டி, மூன்று பிளேடும் பிரிந்திருப்பதைக் கண்ணால் பார்த்து, சோதித்து, வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போட்டபிறகே ஏற வேண்டும். உப்புக்காற்றில் பிளேடு இறுகிப்போய், கைப்பிடியை இழுத்தாலும் ஒன்று பிரியாமல் நிற்பது கடலோரத்தில் நடப்பதுதான். இரண்டு பக்கமும் எர்த் எதற்கென்றால், கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரோ சரியாக இணைக்காத வீட்டு இன்வெர்ட்டரோ பின்பக்கமாக மின்சாரத்தைத் தள்ளும். எல்.டி. எனும் தாழ்வழுத்தக் கம்பியில் நுழையும் அது டிரான்ஸ்பார்மர் வழியே ஏறும்போது ஆயிரக்கணக்கான வோல்ட்டாகிவிடும். இதையெல்லாம் முறையாகச் செய்யக் கணிசமான நேரம் ஆகும். அந்த நேரத்தைத் தாமதம் என்று கணக்கிடும் மென்பொருள், எர்த் ராடைத் தவிர்க்கச் சொல்லிக்கொடுக்கிறது. எல்.சி. எடுத்த நொடியில் கடிகாரம் நிற்க வேண்டும். ஓர் உயிர் தொடர்பான விஷயம் என்பதால் இதில் சமரசத்துக்கு இடமே இல்லை.

ஆட்கள் விஷயத்துக்கு வருவோம். அழைப்பு எடுக்க ஆள் கூடியிருக்கிறது; கம்பம் ஏற ஆள் குறைந்திருக்கிறது. ஓய்வுபெறும் லைன்மேனோடு, எந்தக் கம்பத்தில் எந்த ஃபேஸ், எந்த முந்திரித் தோப்புக்குள் லைன் நுழைகிறது என்ற அறிவும் போய்விடுகிறது. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப்பின் வெளிமாவட்டங்களிலிருந்து வந்த குழுக்கள் ராப்பகலாகக் கம்பம் நட்டார்கள். வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் கூடப்போன குழுவின் வேலைதான் ஓடும். அந்த அறிவைக் கணினியில் ஏற்ற வழி இருக்கிறது: ஒவ்வொரு மின் இணைப்பு எண்ணையும் அதன் கம்பம், டிரான்ஸ்பார்மர், ஃபீடரோடு சரியாகப் பிணைப்பது. டிரான்ஸ்பார்மரில் லோடு அதிகமென்று பாதித் தெருவைப் பக்கத்து டிரான்ஸ்பார்மருக்கு மாற்றிய அன்றே பதிவிலும் மாற்றாவிட்டால், அந்தப் பிணைப்பு பொய்யாகிவிடும்.

ஸ்மார்ட் மீட்டர் வந்தால் கணக்கீட்டாளர் வேண்டாம் என்கிறார்கள். ரீடிங் நாள் தள்ளிப்போவதால் வரும் வழக்கு அதோடு ஒழியும் என்பது உண்மை. 60 நாளில் 480 யூனிட் ஓடும் வீட்டில் நான்கு நாள் தாமதமாக எடுத்தால் 512. 500 தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். ஆனால் வீடு வீடாகப் போகிறவர் ரீடிங்கை மட்டும் பார்ப்பதில்லை. கருகிய ஃபியூஸ் கட்-அவுட், உடைந்த சீல், சர்வீஸ் வயரை உரசும் முருங்கைக்கிளை எல்லாம் அவர் கண்ணில்தான் முதலில் படும். அந்த வேலைக்கென்று ஆளை வைத்துக்கொள்ளாமல் மீட்டரை மட்டும் மாற்றுவது தவறு.

கடைசியாகப் பயனீட்டாளர் செய்யவேண்டியது. இணைப்பில் எந்த செல்போன் எண் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். விண்ணப்பம் போட்டுக்கொடுத்த எலக்ட்ரீஷியன் எண், பிரௌசிங் சென்டர் எண், சிங்கப்பூரிலிருக்கும் மகன் எண் என்று கிடக்கும். பில் தொகையும் மின்நிறுத்த அறிவிப்பும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கும். வெள்ளை அட்டையில் எழுதிவைத்த ரீடிங்கை நம்பியே பழகிய பெரியவருக்கு, கெடு தாண்டி ஃபியூஸைப் பிடுங்க ஆள் வரும்போதுதான் விஷயம் தெரியும். 'இன்றிரவு 9.30க்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த அதிகாரியை அழைக்கவும்' என்று பத்து இலக்கத் தனி எண்ணிலிருந்து வந்தால் அது மோசடி. திருப்பி அழைக்கவும் வேண்டாம், அவர்கள் சொல்லும் செயலியை இறக்கவும் வேண்டாம். அதன் வழியே உங்கள் போன் திரையையே பார்ப்பார்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகியபோது செயலியும் உதவி எண்ணும் பலருக்கு எட்டவில்லை. கரண்ட் இல்லாத ஊரில் போனுக்குச் சார்ஜ் ஏது, டவருக்கு டீசல் எத்தனை மணி நேரம் வரும்? அம்மாதிரி நாட்களுக்காக ஒவ்வொரு பிரிவு அலுவலகத்திலும் ஒரு நோட்டும் பேனாவும், அதில் எழுதி வாங்க ஒரு ஆளும் இருக்க வேண்டும். வடிந்தபின் அந்த நோட்டை வைத்துத்தான் தெருத்தெருவாகக் கரண்ட் கொடுக்க முடியும்: மீட்டர் பெட்டி நனைந்த வீடு எது, காயாமல் கொடுக்கக்கூடாத சர்வீஸ் எது என்று.