512 கோருக்கு அப்புறம்

பிஎச்.டி. முடிய ஆறு மாதம் இருந்தபோது போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு வேலை, தேட ஆரம்பித்தேன். என் வேலை பாய்ம ஓட்டத்தைக் கணினியில் உருவகப்படுத்துவது. ஒரே கடிதத்தை மூன்று இடங்களுக்கு அனுப்பினேன். எங்கிருந்தும் பதில் இல்லை. வழிகாட்டியிடம் காட்டினேன். "நீ செஞ்சதெல்லாம் எழுதியிருக்கே. அவங்க மெஷின்ல என்ன செய்யப் போறேன்னு எங்கே?" என்றார்.

அப்புறம்தான் சிகாகோவுக்குத் தென்மேற்கே இருக்கும் ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரான அரோரா பற்றி உட்கார்ந்து படித்தேன். ஒன்றாகப் பிணைத்த கணினிகள், அதாவது நோடுகள், மொத்தம் 10,624; ஒவ்வொன்றிலும் வேகமாகக் கணக்குப் போடும் ஆறு இன்டெல் ஜிபியு சில்லுகள். நானோ என்விடியா சில்லுகளுக்கான குடா (CUDA) நிரல் முறையில் எழுதிப் பழகியவன். அது அங்கே அப்படியே ஓடாது, SYCL என்ற வேறு நிரல் முறைக்கு மாற்ற வேண்டும். எந்தப் பகுதியை முதலில் மாற்றுவேன், ஏன் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். பத்து நாளில் அழைப்பு வந்தது.

ஜூம் வழியாகக் கருத்தரங்கு. அங்கே காலை பத்து, இங்கே இரவு எட்டரை. மிக்ஸி போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆறு வருடமாக நான் நம்பியிருந்த எம்பிச் (MPICH), பெட்ஸி (PETSc) என்ற நிரல் தொகுப்புகள் இரண்டும் அந்த ஆய்வகத்தில் உருவானவை. கேட்பவர்களில் அதை எழுதியவரே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று வயிற்றைக் கலக்கியது.

கோர்கள், அதாவது சில்லுக்குள் கணக்குப் போடும் அலகுகள், கூடக்கூட என் நிரலின் வேகம் கூடுவதைக் காட்டும் வரைபடத்தை 512 கோரோடு வெட்டியிருந்தேன். ஒருவர் கேட்டார்: "அதற்கு மேல்?"

மழுப்பலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சரி, வருவது வரட்டும் என்று கடைசியில் ஒளித்து வைத்திருந்த ஸ்லைடைத் திறந்தேன். 1,024-இல் கோடு படுத்துவிட்டது, 2,048-இல் இறங்கியே விட்டது. அழுத்தச் சமன்பாட்டைத் தீர்க்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் எல்லாக் கோர்களும் ஒரு கூட்டுத்தொகைக்காகக் காத்திருக்கின்றன. கோர் கூடக்கூட ஆளுக்குக் கிடைக்கும் கணக்கு சுருங்குகிறது, காத்திருப்பு மட்டும் குறைவதில்லை. அதைச் சொன்னதும் மீதி இருபது நிமிடமும் பேச்சு அதிலேயே ஓடியது. காத்திருக்கும் நேரத்தில் வேறு கணக்கைச் செய்யும் முறையை முயன்றாயா என்றார்கள். இல்லை என்றேன். மூன்று வாரத்தில் ஆஃபர் வந்தது: ஒரு வருட ஒப்பந்தம், பிறகு புதுப்பிப்பார்கள்.

அதற்கப்புறம் காகித வேலை. வெளிநாட்டவர் என்றால் ஆய்வகத்துக்குள் நுழையவே தனி அனுமதி வேண்டும். அது வரும்வரை விமான டிக்கெட் போடாதீர்கள். நான் போட்டு, தேதி மாற்றிப் பணம் இழந்தேன்.

ஆய்வாளர்கள் போன்றோர் அமெரிக்கா போகும் ஜே-1 விசாவில் இன்னொன்று இருக்கிறது. சிலருக்கு, திரும்பி வந்து ஊரில் இரண்டு வருடம் இருந்தால்தான் பிறகு எச்-1பி வேலை விசா, கிரீன் கார்டு. எந்த நாட்டினருக்கு இந்த விதி என்று சொல்லும் திறன் பட்டியலிலிருந்து டிசம்பர் 2024-இல் இந்தியாவை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அரசுப் பணத்தில் போனால் அந்த விதி ஒட்டிக்கொள்ளலாம். ஜே-1-க்கான டி.எஸ்.-2019 படிவத்திலும் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எனக்குப் பொருந்தும் என்றே அச்சிட்டிருந்தது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

"ஊருக்குத் திரும்பணும்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்களா?" என்று பாஸ்போர்ட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.