கத்தரி வேரில் பொம்தமூர்: இந்தத் தடவை 24-க்கு 19

வாடல் நோயைத் தாங்கும் கத்தரி வேர்மேல் பொம்தமூரை (மொரிஷியசில் தக்காளிக்குப் பெயர்) ஒட்டும் வேலை இது. முதல் ஈட்டில் கட்டிய 24 ஒட்டில் தேறியது 5. இரண்டாவது ஈட்டில் 19. வேர்க் கத்தரியை மாற்றியது போக, கட்டும் முறையில் நடுவில் மாற்றியது இரண்டுதான்: பெட்டிக்குள் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தியாயிற்று, ஆறு வெட்டுக்கு ஒரு புது பிளேடு.

மொரிஷியசில் வாடல் நோய் புகுந்த மண்ணில் பொம்தமூர் போடுகிறவர்களுக்கு ஒட்டு எதற்கு என்று விளக்க வேண்டாம். ஆனாலும் கட்ட உட்காரும் முன் வியாதி அதுதானா என்று பார்த்துவிடுங்கள். இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே தொங்குகிற செடியின் அடித்தண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் வெட்டுவாய் மட்டும் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் இறங்குவதுபோல வெள்ளையாக இழை இறங்கினால் ரால்ஸ்டோனியா பாக்டீரியாதான். இறங்கவில்லையா, காரணத்தை வேறெங்காவது தேடுங்கள்.

வேருக்கு எல்லாக் கத்தரியும் ஆகாது. முதல் ஈட்டில் தேறிய அந்த 5 செடியும் கடையில் வாங்கிய நீளக் கத்தரியின் மேல் கட்டியவை. நட்ட பிறகு 3 வாடிப்போயின. "நோய் தாங்கும்" என்று பாக்கெட்டில் அச்சடித்திருந்தது, எந்த நோய் என்றுதான் போடவில்லை! இப்போது வேர்ச்செடி ஈஜி 203. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் தக்காளி ஒட்டுக்கென்றே பரிந்துரைக்கும் கத்தரி. வேரில் தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகம் அல்ல என்பதால் விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். இரண்டு செடியைத் தனியாக விட்டு வைத்தால் அடுத்த வருஷத்துக்குக் கையேந்த வேண்டாம். சுண்டைக்காய் வேரும் நல்லதுதான், ஆனால் முளைப்பு ஒரே சீராக வராது. தண்டுப் பருமனை ஒத்துப் பிடிக்கவே முடியவில்லை.

பருமன்தான் இதில் பாதி வேலை. வெயில் காலத்தில் கத்தரி விதையைப் பொம்தமூருக்கு 3 நாள் முந்திப் போட்டால் போதும். ஏப்ரல் கடைசியில், ரோஸ் ஹில் பக்கம் ராத்திரி குளிரத் தொடங்கியதும், 8 நாள் முந்த வேண்டியிருந்தது. மேல்செடி ரோமா ரகப் பொம்தமூர். இரண்டுக்கும் 2, 3 நிஜ இலை வந்து தண்டு 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போது கட்ட வேண்டும். கத்தரியை வித்திலைக்கு மேலே 30 டிகிரிச் சாய்வில் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். சாய்வு சரியா என்று பார்க்கக் கோணமானி வேண்டாம்: வெட்டுமுகத்தின் நீளம் தண்டுப் பருமனைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் சரி. பொம்தமூரையும் அதே சாய்வில். மழுங்கிய பிளேடு தண்டை அறுக்காது, நசுக்கும். நசுங்கிய இடம் மூன்றாம் நாள் பழுப்பாகி வழுக்கும். பிளேடை ஒவ்வொரு செடிக்கும் நடுவே ஸ்பிரிட்டில் துடைக்கவும்.

இரண்டு வெட்டுமுகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பு 2 மி.மீ. சிலிக்கோன். சைக்கிள் வால்வு டியூபையும் வெட்டிப் பார்த்தாயிற்று. பிடிப்பு அருமை, ஆனால் தண்டு பருக்கும்போது விரியாமல் கழுத்தை நெரிக்கிறது. சிலிக்கோன் தானே கழன்று விழும், பொறுக்கிக் கழுவி மறுபடி போடலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பொட்டலத்தில் பாதி 3 மி.மீ. ஆக இருந்தது தனிக் கதை. மிளகாய்க்கும் இதேபோல் கட்டிப் பார்க்க அந்த 3 மி.மீ. காத்திருக்கிறது.

இனி பெட்டி. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, அடியில் இரண்டு விரல்கடை தண்ணீர், அதன்மேல் செங்கல், செங்கல்மேல் குழித்தட்டு. ஈரம் காற்றில் இருக்க வேண்டும், இலைமேல் சொட்டாக இருக்கக் கூடாது. முதல் ஈட்டில் தினம் இரண்டு வேளை தெளித்ததில் சொட்டு வழிந்து கிளிப்புக்குள் இறங்கியது. வெட்டுமுகங்கள் நடுவே நீர்ப்படலம், ஒட்டவே இல்லை. மூடியிலிருந்து சொட்டு விழாமலிருக்க ஒரு பக்கம் கட்டை கொடுத்துப் பெட்டியையே சாய்த்து வைத்தால் நீர் ஓரமாக வழிந்துவிடும். சூடு 25 டிகிரிக்குக் குறையக் கூடாது. ராத்திரி இரண்டு வெந்நீர்ப் பாட்டில் உள்ளே. முதல் 3 நாள் இருட்டு, திறந்து பார்க்கிற ஆசையை அடக்குங்கள். நான்காம் நாள் 10 நிமிடம் மூடியைத் தூக்கி வைப்பது, அடுத்த நாள் அரை மணி, அப்படியே கூட்டிக்கொண்டு போவது. மதியம் துவண்டு சாயங்காலம் நிமிர்ந்தால் பயமில்லை. காலையிலேயே துவண்டிருந்தால் அது போயிற்று.

நடும்போது கை பழக்கதோஷத்தில் தண்டை ஆழமாகப் புதைக்கும். கூடாது. ஒட்டு மண்ணுக்கு நாலு விரல் மேலே நிற்க வேண்டும். புதைத்தால் பொம்தமூரே வேர் விட்டு, நோயை நேராக வாங்கிக்கொள்ளும். மண் அணைப்பதும் இல்லை. மூடாக்குக்குப் போடும் கரும்புச் சோகையையும் ஒரு சாண் தள்ளி. ஒட்டுக்குக் கீழே அகல இலையோடு துளிர்த்தால் அது கத்தரி, அன்றைக்கே கிள்ளுங்கள்.

இப்போது ஆகஸ்ட். 19-இல் 18 நிற்கின்றன, முதல் கொத்து செங்காய். கத்தரி வேர் தண்ணீரைக் கொஞ்சம் கஞ்சத்தனமாகத்தான் மேலே அனுப்புகிறது: பழம் இனிப்பு, ஆனால் சற்றுச் சிறிசு. சுண்ணாம்புச்சத்தும் அந்தத் தண்ணீரோடுதான் ஏற வேண்டும் என்பதால் காயின் அடி கறுப்பதும் கூடுதல். 18 செடியில் 4-இல் வந்தது. இரண்டு நாளுக்கொரு முறை குடம் குடமாக ஊற்றியதை நிறுத்தித் தினம் காலை அளவாகக் கொடுத்ததும் இரண்டாம் கொத்தில் குறைந்திருக்கிறது.

மிச்சமிருப்பது ஈ. இங்கத்திய தக்காளிப் பழ ஈ பழுக்கும் வரை காத்திருப்பதில்லை, பச்சைக் காயிலேயே முட்டை வைத்துவிடும். கோலிக்குண்டுப் பருமன் வந்ததும் கொத்துக்குக் கொசுவலைப் பை, காம்போடு சேர்த்து நூல் கட்டு. அடிப்பக்கம் லேசாக நிறம் மாறியதும் பறித்து வீட்டுக்குள் 20, 25 டிகிரியில் ஒற்றை அடுக்காகப் பரப்புவது. குளிர்ப்பெட்டியில் செங்காயை வைக்காதீர்கள். 10 டிகிரிக்குக் கீழே பல நாள் கிடந்தால் பிறகு வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. டிசம்பர் வெயிலில் 30 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு ஏறாமல் ஆரஞ்சாகவே நின்றுவிடும். அதற்கு 40 சதவீத நிழல்வலை வாங்கியாயிற்று, கம்பம்தான் இன்னும் நடவில்லை.