சோழிக் கணக்கு

ஆகஸ்ட் 31, 2025, ஞாயிறு

அடுத்த ஞாயிறு ராத்திரி முழுச் சந்திர கிரகணம். அம்மா இப்போதே பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம், எதிர் வீட்டில் திருக்கணிதப் பஞ்சாங்கம். அவர்கள் வீட்டில் சனி மார்ச் 29ஆம் தேதியே பெயர்ந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சனி அடுத்த வருஷம் மார்ச் 6 வரை நகர மாட்டேன் என்கிறது. வாசலில் கோலம் போடும் நேரத்தில் இதைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடக்காத வாரம் இல்லை.

எனக்கு உறுத்துவது அந்தப் பெயர்தான். கணக்குக்கு எதற்கு ‘வாக்கியம்’ என்று பேர்?

செப்டம்பர் 2, செவ்வாய்

நிஜமாகவே வாக்கியம்தானாம். நிலா பூமிக்கு மிகத் தொலைவான புள்ளியிலிருந்து கிளம்பி மறுபடி அந்தப் புள்ளிக்கு வர இருபத்தேழரை நாள் சொச்சம் ஆகிறது. அப்படி 9 சுற்று சுற்றினால் கிட்டத்தட்ட முழுசாக 248 நாள். நாளுக்கு ஒன்றாக 248 சமஸ்கிருத வாக்கியம். வரருசி செய்தது என்பது மரபு.

முதல் வாக்கியம், ‘கீர்ந ச்ரேய’. கடபயாதி முறைப்படி, புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண்: 3, 0, 2, 1. கடைசியிலிருந்து படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை (வட்டத்துக்கு 360 பாகை, ஒரு பாகைக்கு 60 கலை). முதல் நாளில் நிலா நகரும் தூரம் அது.

தமிழில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வோம். இந்த முறையில் நான்கு ‘க’வுக்கும் 1, 2, 3, 4 என்று தனித்தனி எண். நம்மிடம் இருப்பது ஒரே ‘க’. ‘கீ’ என்று எழுதிவிட்டு அது ஒன்றா மூன்றா என்று அரை மணி நேரம் முழித்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

கடற்கரைச் சாலையில் ஒரு பை சோழி வாங்கினேன். கூடத்தில் சாக்பீஸால் மூன்று கட்டம்: ராசி, பாகை, கலை. இரண்டாம் நாள் 24 பாகை 9 கலை. அதை வைத்து, முதல் நாள் கணக்கை எடுத்தால் மிச்சம் 12, 6. மூன்றாம் நாள் 1 ராசி 6 பாகை 22 கலை. ராசிக் கட்டத்துச் சோழியை எடுத்துவிட்டு, பாகைக் கட்டத்தில் 30 சோழி கொட்ட வேண்டும். இரண்டாம் நாளைக் கழித்தேன். 12, 12 வந்தது. மனக்கணக்கில் 12, 13. திரும்ப எண்ணினேன், அதே 12. சரி, என் கை லட்சணம்.

ஆனால் பாருங்கள்: 12-3, 12-6, 12-13. நிலா தொலைவிலிருந்து கிட்டே வர வர வேகம் பிடிக்கிறது. அந்த வேகத்தைத்தான் யாரோ வாக்கியத்துக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 6, சனி

இதே புதுச்சேரியில் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். ஜான் வாரன் என்பவர் 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’ நூலில் எழுதுகிறார்: புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழி பரப்பி, எல்லாம் மனப்பாடமாக, அந்த வருஷம் மே 31 இரவு கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிஷம், நடுவில் 23, முடிவில் 52 நிமிஷம் பிசகு. அவருக்கு வானியல் சித்தாந்தம் ஒரு வார்த்தை புரியாது என்றும் வாரன் எழுதிவைத்தார். இருக்கட்டுமே. காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வாரனைத் தரையில் உட்கார வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

248 நாள் கணக்கு பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் உண்டு. வானியல் வரலாற்றாசிரியர் நியூகபவர் 1952இல் வாரன் சொன்னதைப் படித்து அந்தத் தொடர்பைப் பிடித்தார்.

வாரனுக்கு முன்பே லெ ஜென்டில் என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே தமிழரிடம் இந்தக் கணக்கைக் கற்றார். பேனா இல்லாமல் சோழியிலேயே எவ்வளவு வேகம் என்று அசந்துபோனார். 1765 ஆகஸ்ட் 30 கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவு. ஐரோப்பாவில் பேர்பெற்ற மேயரின் நிலா அட்டவணை 68 விநாடி அதிகம்.

அந்த மனுஷன் இந்தியா வந்தது சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்க. 1761இல் ஊர் ஆங்கிலேயர் கையில், அவர் நடுக்கடலில். எட்டு வருஷம் காத்து, இங்கே இடிந்த கோட்டை மேல் வானம் பார்க்கும் கூடம் கட்டி, 1769 ஜூன் 4 காலை தயாராக இருந்தார். மேகம். எல்லாம் முடிந்த பிறகு வெயில் அடித்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

9 மணி 57 நிமிஷத்துக்குப் பிடிக்கும். சாப்பாடு ஆறரைக்கே முடிந்தது. தண்ணீர்க் குடத்திலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பை. மாடிக்குப் போனால் மேகம்! லெ ஜென்டிலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தரைக்கு விலகியது, பாதி நிலா கடித்த மாதிரி. பதினொன்று தாண்டி, தேய்க்காத செப்புப் பாத்திர நிறம். அம்மாவும் மேலே வந்துவிட்டார். “பாக்கக் கூடாதுன்னு சொன்னியேம்மா?” “சும்மா இருடா.”

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் வீடு கழுவும்போது கட்டிலுக்கு அடியிலிருந்து அம்மா ஒரு சோழியை எடுத்து நீட்டினார். “என்னடா இது?”

“ஒரு கலைம்மா” என்றேன்.